சரியாகக் கோடு போட்ட தாள்

நான்கு வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் உள்ள ஒரு சின்ன ஊரின் பேருந்து நிழற்குடை. மதியம் மூன்று மணி இருக்கும். அப்போதுதான் மழை விட்டிருந்தது. அங்கே உட்கார்ந்து நானும் ஒரு அக்காவும் ஒரு தாளில் பென்சிலால் நான்கு கோடுகள் போட்டோம். பிறகு பஸ் வந்தது, ஏறிப் போனோம். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அது என்று தெரியவர மூன்று மாதங்கள் ஆயின.

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, அதனால் நானே நின்றுகொண்டேன். போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஆறு வருடம் சுற்றினேன். அங்கே பைப் மாட்டும்போது இடது கையில் ஒரு விரல் பாதி போயிற்று. அதற்குப் பிறகு கொச்சியில் ஓட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை. விஜயவாடாவில் மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் ரயில் நிலையத்திலேயே படுத்துக் கிடந்தேன். முப்பத்து நான்கு வயதில் சொந்த மாவட்டத்துக்கே திரும்பி, ஒரு கல் கிரஷரில் எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அதையும் விட்டுவிட்டு வெளிநாடு போக வேண்டும் என்று மறுபடியும் கால் அரித்தது. பத்தாவது தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் தனி அனுமதி வாங்கித்தான் வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு விழாது, ஏஜெண்டுகளிடம் அலைய வேண்டாம் என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்காகத்தான் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

அன்னவாசலில் ஒரு கடைக்கு மேல் மாடியில், சனி ஞாயிறு சாயங்காலங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு நடந்தது. ஏழு பேர் படித்தோம். சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர். எங்களில் யாரைப் பார்த்தாலும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் சொன்ன அக்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். கணவர் மலேசியா போனவர், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. ஆறாவது படிக்கும் மகளோடு தனியாக இருந்தார். அந்த மையத்தின் அமைப்பாளர் ஓய்வு பெற இருந்தார். அந்த வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு அடுத்த ஆவணியில் நாற்பது முடிகிறது. இரண்டு தடவை எழுதி மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டார். இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவையும் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் அத்தோடு சரி. கடைசி வரை தொண்ணூறு பிள்ளைகளுக்கு அண்டா தூக்க வேண்டியதுதான்.

இங்கிலீஷில் எங்களுக்குக் கட்டுரையெல்லாம் வராது. எதில் நிச்சயமாக மார்க் வாங்கலாம் என்று டீச்சர் தேடித் தேடிச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒன்று, ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அதில் வெர்ப் ஃப்ரேஸ் எது என்று பார்த்து அடியில் கோடு போடுவது. வினைச்சொல்லும் அதற்குத் துணையாக முன்னால் வருகிற சொற்களும் சேர்ந்த தொடர் அது.

“இஸ், ஆர், வாஸ், வேர், ஹேஸ், ஹேவ், வில், கேன், ஷுட். இதுல ஒண்ணு கண்ணுல பட்டா அங்க பென்சிலை வைங்க. வேலையைச் சொல்ற வார்த்தை முடியிற எடத்துல எடுத்துருங்க. மூச்சு விடாம ஒரே கோடு,” என்றார் டீச்சர்.

“அர்த்தம் தெரிய வேணாமாம்மா?” என்று அக்கா கேட்டார்.

“தெரிஞ்சா நல்லதுதான்க்கா. ஆனா பரீட்சைக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு. மொதல்ல மார்க்கை வாங்குவோம், அர்த்தத்தைப் பெறகு பாத்துக்குவோம்.”

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களை வைத்துக்கொண்டு அவரால் வேறெப்படியும் கரை சேர்த்திருக்க முடியாது.

இந்த வித்தை எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஊர் ஊராகச் சுற்றியதில் போர்டுகளைப் படித்துப் படித்து, எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு வரும். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் சத்தமாக வாசித்தால் கேட்பவர்களுக்கு எல்லாம் தெரிந்தவன் மாதிரி இருக்கும். அந்த ஏழு பேரில் நான்தான் கெட்டிக்காரன் ஆனேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கிடைக்காத பெயர் அது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள் போதாது, கையில் கிடைக்கிற இங்கிலீஷ் தாளையெல்லாம் எடுத்துக் கோடு போட்டுப் பழகுங்கள், கோடு போட்டதை ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள், பரீட்சைக்கு முன்னால் நான் திருத்துகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எண்ணெய் பாக்கெட், பருப்பு மூட்டையில் தைத்திருந்த சீட்டு, குக்கரோடு வந்த கையேடு, மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய காகிதம் என்று எதையும் விடவில்லை. ஒரு நீள நோட்டில் கஞ்சிப் பசை போட்டு எல்லாவற்றையும் ஒட்டினார்.

வகுப்புக்குப் போகிற நாட்களில் மூன்று மணிக்கே நிழற்குடைக்கு வந்துவிடுவோம். பஸ் வரும்வரை அவர் கோடு போடுவார், நான் திருத்துவேன். சித்தன்னவாசல் பார்க்க வந்தவர்களின் கார்கள் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் கார் ஒன்று நின்று, உள்ளே இருந்தவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்காதான் கையைக் காட்டி, “நேரா போங்க சார், அங்கிட்டுப் பெரிய போர்டு இருக்கும்,” என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினார்.

பிறகு என்னைப் பார்த்து, “என்ன தம்பி, ஆந்திரா வரைக்கும் போய்ட்டு வந்தீங்க, ஒரு வார்த்தை வரலையே,” என்றார்.

“தெலுங்குல கேட்டிருந்தா வெளுத்து வாங்கியிருப்பேன்க்கா.”

“நல்லவேளை கேக்கலை. அந்தாளு ஊரு போய்ச் சேந்திருக்க மாட்டாரு.”

இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். அவருக்குச் சிரிக்காமலேயே கிண்டல் பண்ண வரும்.

அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வெள்ளைக் கவரோடு வந்தார். ஐப்பசியில் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களுக்கான மருத்துவ முகாம் நடந்தது. பெரிய வண்டி ஒன்று வந்து, அதற்குள்ளேயே மார்பக ஸ்கேன் எடுத்தார்கள். சமையல்கட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் வரவேண்டும் என்று சொன்னதால் அக்காவும் போயிருந்தார். அதன் ரிப்போர்ட்தான் அந்தக் கவரில் இருந்தது. ஊருக்கு வரும் நர்ஸ் பள்ளிக்கூடத்தில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“புது ஐட்டம் வந்திருக்கு. முழுக்க இங்கிலீஷு,” என்றார் அக்கா.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேக்கா?”

“இருந்தா போன் பண்ணுவோம்னு அன்னைக்கே சொன்னாங்க. ஒரு மாசமாச்சு, ஒருத்தரும் பண்ணலை. வாரத்துக்கு நாலு மூட்டை தூக்குறேன், எனக்கென்ன?”

முகாமில் அவர் கொடுத்திருந்தது பழைய நம்பர். அந்த சிம் ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். இதுவும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தாளில் மேலே கட்டம் கட்டமாக ஏதேதோ இருந்தது. கீழே நான்கு வாக்கியங்கள். அக்கா தாளை நோட்டின் மேல் வைத்துக் குனிந்து கோடு போட ஆரம்பித்தார். நான் சத்தமாக வாசித்தேன். முதல் வாக்கியத்தில் வாஸ் டன். சரி. இரண்டாவதில் இஸ் சீன். சரி. மூன்றாவதில் ஆர் சீன். சரி. என்ன சீன், எங்கே சீன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த வார்த்தை நீளமாக, வாயில் நுழையாததாக இருந்தது. நான் அதை எப்படியோ உச்சரித்துத் தாண்டிப் போனேன்.

நான்காவது வாக்கியம் கொஞ்சம் பெரியது. இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும் என்பதற்கு ஷுட் பி டன் என்று இருந்தது. அதை அடுத்து வித்தவுட் டிலே என்று முடிந்தது. அக்கா ஷுட்டில் பென்சிலை வைத்தவர் எடுக்கவே இல்லை. வாக்கியம் முடிகிற வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

“எங்க போறீங்க? டன்னுல நிறுத்தணும். வித்தவுட் டிலேங்கறது இதுல சேராது,” என்றேன்.

“சேராதா? கூடத்தானே வருது.”

“கூட வந்தாலும் சேராது. டீச்சர் சொன்னது மறந்துபோச்சா?”

ரப்பரை வாங்கி அந்த இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே இருந்த கோட்டை நானே அழித்தேன். பக்கத்தில் டிக் போட்டு, நாலுக்கு மூன்றரை என்று மார்க்கும் போட்டேன்.

“அரை மார்க்கைப் புடுங்கிட்டீங்களே தம்பி. நாளைக்கு முட்டை போடுற நேரத்துக்கு அங்கிட்டு வாங்க, அரை முட்டைதான் தருவேன்,” என்றார்.

அப்போது எனக்குள் ஏதோ இடறியது. நான்காவது வாக்கியத்தில் டெஸ்ட் என்று ஒரு வார்த்தை இருந்தது. “அக்கா, இதுல டெஸ்ட்டுன்னு என்னமோ போட்டிருக்கே?” என்று கேட்டேன்.

“அதான் டெஸ்ட்டு எடுத்தாச்சே. எடுத்ததுக்குத்தானே சீட்டுக் குடுத்திருக்காங்க.”

அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. அவர் தாளை நோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அன்றிரவே அதைப் பசை போட்டு ஒட்டியும் விட்டார்.

அதற்குப் பிறகு மார்கழி, தை. நாங்கள் மும்முரமாகப் படித்தோம். தையில் அக்காவுக்கு வலது கை அடிக்கடி மரத்துப் போனது. அண்டா தூக்குவதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டார். ஒரு நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வலிக்குதா என்று கேட்டதற்கு, எழுதி எழுதி வந்த வலி, பெருமையான வலி என்றார்.

மாசி மாதம் டீச்சர் எல்லோருடைய நோட்டையும் வாங்கித் திருத்தினார். அக்காவின் நோட்டு அவருக்கு ஆனந்தமாக இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, “பாருங்கண்ணே, மிளகாய்த்தூள் பாக்கெட்டைக்கூட விடலை,” என்று எங்களுக்குத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

“அக்கா, இது யாரோடது?”

“எதும்மா?”

“இந்த ரிப்போர்ட்டு.”

“என்னோடதுதான். கேம்ப்புல எடுத்தது. ஏம்மா, கோடு தப்பாவா இருக்கு?”

டீச்சர் அந்தத் தாளை மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார். பிறகு, “கோடு சரியாத்தான் இருக்கு,” என்றார். என்னைப் பார்த்து, “அண்ணே, மார்க்கு போட்டது நீங்கதானே? என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?” என்று கேட்டார்.

“படிச்சேன் டீச்சர்,” என்றேன். பொய் இல்லை. சத்தமாகப் படித்திருந்தேன்.

மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் எங்கள் இருவருக்கும் அந்த நான்கு வாக்கியங்களைத் தமிழில் சொன்னார். இரண்டு மார்பிலும் ஸ்கேன் எடுக்கப்பட்டது. வலது மார்பில் கட்டி தெரிகிறது. அக்குளில் நெறிகட்டிகள் தெரிகின்றன. தாமதம் இல்லாமல் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவர் குரல் குறைந்துகொண்டே வந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “இம்புட்டுமா அதுல இருக்கு?” என்றார். நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரஷரில் சொல்லாமல்தான் போனேன். அந்த வேலை அதோடு போயிற்று, அது பெரிய விஷயமில்லை. பசையில் ஒட்டிய தாளைக் கிழியாமல் எடுக்க முடியவில்லை. அதனால் நோட்டையே கொண்டுபோய் டாக்டர் மேசையில் விரித்து வைத்தோம். இடது பக்கம் எண்ணெய் பாக்கெட், வலது பக்கம் ரிப்போர்ட்.

டாக்டர் இளைஞர். முதலில் தேதியைப் பார்த்தார். பிறகு பென்சில் கோட்டைப் பார்த்தார். டிக்கையும் மார்க்கையும் பார்த்தார்.

“யாரு இதுக்கு அடிக்கோடு போட்டது?”

“நான்தான் சார். இவங்க திருத்துனாங்க,” என்றார் அக்கா.

“முக்கியமான எடத்துல சரியாக் கோடு போட்டு வச்சிருக்கீங்க. டெஸ்ட் எடுக்கணும்னு தெரிஞ்சிருக்கு. அப்பறம் ஏன் மூணு மாசமா வரலை?”

அவர் கேட்டது முற்றிலும் சரி. கோட்டைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அக்காதான் சொன்னார்.

“அது பாடத்துக்குப் போட்ட கோடு சார்.”

டாக்டருக்குப் புரியவில்லை. “என்ன பாடம்?” என்றார். அக்கா சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கேவலமாகத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் அதற்கு மேல் கேட்காமல் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

பரிசோதனை முடிவு நாங்கள் பயந்த மாதிரியே வந்தது. நோய் பரவத் தொடங்கியிருந்தது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்றார்கள். நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, கார்த்திகையிலேயே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று கேட்டேன். “அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதுங்க,” என்றார். ஆம் என்று சொல்லியிருந்தால் ஒரு வழி, இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு வழி. அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அக்கா பரீட்சை எழுத வருவார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கீமோவுக்கு நடுவில் இங்கிலீஷ் பரீட்சை வந்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். ஹால் டிக்கெட்டில் அடர்த்தியான கூந்தலும் பூவுமாக இருந்தார். மேற்பார்வை ஆசிரியை படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “இது நீங்கதானா?” என்று கேட்டார். அக்கா முக்காட்டை எடுத்துவிட்டு, “போன மாசம் வரைக்கும் நான்தான்,” என்றார். ஆசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். நான் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தேன். கேள்வித்தாளைக் குனிந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்கா ரொம்ப மெதுவாக எழுதினார். வெளியே வந்தபோது, “எல்லாத்தையும் அர்த்தம் பாத்துப் பாத்துப் படிச்சேனா, நேரம் போயிருச்சு. கடைசி ரெண்டு கேள்வி விட்டுப்போச்சு,” என்றார்.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன், என் மேல் கோபமா என்று.

“ஒங்க மேல கோவப்பட்டா என் மேலயும்ல படணும். பென்சிலு என் கையிலதானே இருந்துச்சு,” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அதுவுமில்லாம நீங்க கேட்டீங்க தம்பி. டெஸ்ட்டுன்னு என்னமோ இருக்கேன்னு கேட்டீங்க. நான்தான் ஒங்க வாயை அடைச்சேன்,” என்றார்.

இதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. ஏனென்றால் அந்தத் தாளில் எனக்கு அர்த்தம் தெரிந்த வார்த்தை டெஸ்ட் மட்டும் இல்லை. டிலே என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை ரயில் நிலையங்களில் எத்தனை நாள் அந்த வார்த்தையை ஒலிபெருக்கியில் கேட்டபடி படுத்திருந்தவன் நான். வித்தவுட் என்பதும் தெரியும், டிக்கெட் இல்லாமல் போகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் அதுதான் பெயர். இரண்டையும் சேர்த்து ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. வெர்ப் ஃப்ரேஸில் அது சேராது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லிக் காட்டும் ஆசைதான் அப்போது முன்னால் நின்றது. இதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

முடிவுகள் வந்தபோது அக்கா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். இங்கிலீஷில் நாற்பத்தொன்று. தேறிவிட்டார். நானும் தேறினேன். டீச்சர் மார்க்கைப் போனில் காட்டியபோது அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அமைப்பாளர் வேலைக்கு மனு போட்டார். நேர்காணல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆவணியும் வந்து போனது.

எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. புரட்டாசியில் குவைத்துக்குப் போனேன். போக வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கிற ஒவ்வொரு தடவையும் கால் கூசியது. அதனால் போனேன். இப்படி ஓடிப்போவது எனக்குப் பழக்கமானதுதான். போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தபோது, “போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க தம்பி, போறேன்னு சொல்லாதீங்க,” என்றார். நானும் வாரேன் என்று சொன்னேன். தை மாதம் டீச்சர் போனில் கூப்பிட்டார். அவர் பேர் திரையில் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மகளை அக்காவின் தங்கை அறந்தாங்கிக்கு அழைத்துப் போய்விட்டார் என்றார். டீச்சர் இப்போதும் வகுப்பு எடுக்கிறார். வாக்கியத்தின் அர்த்தத்தைத் தமிழில் சொல்லாதவர்களை அவர் பென்சிலைத் தொட விடுவதில்லையாம்.

நான் தங்கியிருந்த அறையில் பன்னிரண்டு பேர். பத்தாவது தேறியவன் நான் ஒருவன்தான் என்பதால் கம்பெனி ஒட்டும் நோட்டீசையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்குப் புரியாத வார்த்தை ஒன்று இருந்தாலும், “எனக்குத் தெரியலை, தெரிஞ்சவங்ககிட்டப் போவோம்,” என்று சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். பத்தாவது படிச்சும் இதுதானா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. அன்றைக்கு அந்தத் தாளில் எங்கே தப்பு என்று புரியாத ஒரு கோடு மிஞ்சியிருந்தால்கூட, அதைத் தேடுவதற்காகவாவது அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்திருப்போம். நான் திருத்தி முடித்தபோது அந்தத் தாளில் ஒரு தப்புகூட இல்லாமல் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.